என் காலுக்குத் தெரிந்தது

"உன் கால்தான்டா ஆடுது. காருக்கு ஒண்ணும் இல்ல."

2022 ஜனவரியில் ஒரு நாள் காலையில் முதலாளி இப்படிச் சொன்னார். வேதாரண்யத்தில் அவர் வீட்டு வாசல். நான் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மகன் சிரித்துக்கொண்டே கேட்டான். "ராத்திரி போட்டது இன்னும் இறங்கலயாண்ணே?"

நான் குடிப்பதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் சேரியிலிருந்து வருகிறவன் ஒரு குறை சொன்னால் முதலில் வாயை முகர்ந்துபார்ப்பது இந்த ஊர் வழக்கம்.

நான் சொன்னது இவ்வளவுதான். "சார், பிரேக் மிதிச்சா பெடல் காலை உதைக்குது. திருப்பூண்டி தாண்டி அறுவதுல வந்து மிதிச்சேன், ஸ்டியரிங்கும் சேர்ந்து உதறுது. பார்க்கணும் சார்."

என் அப்பா இதே குடும்பத்தின் உப்பளத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். அவர் "ஆண்டே" என்று கூப்பிடுவார். நான் "சார்" என்கிறேன். ஒரு தலைமுறையில் நடந்த மாற்றம் அது. சொல் மாறியிருக்கிறது. திண்ணை அங்கேயேதான் இருக்கிறது.

காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையே காலைப் பற்றியதுதான்.

உப்பளத்தில் பாத்தி கட்டினால் அப்படியே தண்ணீர் விட்டுவிட முடியாது. தரையை மிதித்து இறுக்க வேண்டும். ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று நாள்கணக்கில் மிதிப்பார்கள். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும், மண் ஏறாது. பிறகு கொதிக்கிற உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று பலகையால் வார வேண்டும். தை பிறந்தால் தொடங்கி ஐப்பசி மழை வருகிறவரை இதுதான் பிழைப்பு. அப்பாவின் பாதம் வெடித்து, காய்ந்து, கடைசியில் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. ஒரு தடவை கருவேல முள் ஏறி ரெண்டு நாளாக அவருக்குத் தெரியவில்லை. அம்மாதான் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னாள். குஜராத்தில் கட்ச் பாலையில் உப்பெடுக்கிற அகரியா மக்களின் பாதம் சிதையில்கூடச் சரியாக வேகாது என்று சொல்வார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அப்பா ஞாபகம்தான் வந்தது.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்து வந்து இங்கே உப்பு அள்ளினார்கள். ஏப்ரல் 13 புறப்பட்டு 28 வந்து சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். நினைவுத்தூண் இருக்கிறது. வருடாவருடம் ஆட்கள் வந்து உப்பு அள்ளிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு பிடி உப்பு அள்ளியவர்களுக்குத் தூண் இருக்கிறது. வருடம் முழுக்க அள்ளியவர்களுக்கு இருப்பது வெடித்த பாதம். நான் அந்தப் போராட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறேன்.

அப்பா தன் கால் தன் மகனுக்கு வரக்கூடாது என்று நினைத்தார். பதினாலு வயதில் என்னை லாரி ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே எனக்குத் தனித் தம்ளர், வெளியே ஜன்னல் கம்பியில் கவிழ்த்து வைத்திருக்கும். ஆனால் தொழில் கற்றேன். காலுக்குக் கீழே வண்டி என்ன சொல்கிறது என்று கேட்கக் கற்றேன். அப்பாவின் காலுக்கு முள் தெரியவில்லை. என் காலுக்கு ஒரு தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு தெரியும். இது பெருமைக்குச் சொல்வதில்லை. கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. மறுவாரம் அவரே ஓட்டிப்பார்த்தார். உதறியது. அப்புறம்தான் காரை வெளியூரில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே ஏசி அறை, கண்ணாடிக் கதவு. என்ன கோளாறு என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. "டிரைவர் வெளியில வெயிட் பண்ணுங்க" என்றார்கள். சாயங்காலம் முன்பக்க டிஸ்க் ரெண்டும் புதுசு, பேட் புதுசு, ஒன்பதாயிரம் பில். வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. எனக்கும் சந்தோஷம்தான்.

மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஏப்ரலில் மறுபடியும் பெடல் உதைத்தது.

இந்தத் தடவை முதலாளி சிரிக்கவில்லை. "புது டிஸ்க்கை வளைச்சிட்டியேடா. பிரேக்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுனா வளையாம என்ன செய்யும்? ஒர்க் ஷாப்ல கேட்டுட்டேன், டிரைவர் ஓட்டுறதுலதான் தப்புன்னாங்க." அந்த மாதச் சம்பளத்தில் நாலாயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டார். பில்லில் பாதி. மாதம் பன்னிரண்டாயிரம் வாங்குகிறவனுக்கு அது எவ்வளவு என்று வாசிக்கிற தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்குக் கல்லூரி விடுதிப் பணம் கட்ட வேண்டிய மாதம் அது.

பணம் மட்டும் என்றால் வழக்கம்போல் விழுங்கியிருப்பேன். எனக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. இந்த ஊரில் ஒரு வண்டி ஒரு ஆளை இடித்தால் அது விபத்தோடு நிற்பதில்லை. 2019 ஆகஸ்ட் 25 நினைவிருக்கும். ஒரு வாகனம் ஆளை இடித்ததில் தொடங்கிய தகராறு சாதிச் சண்டையாகி, வாகனம் எரிந்து, கடைசியில் வேதாரண்யத்தில் நின்ற அம்பேத்கர் சிலையை உடைத்தார்கள். பட்டப்பகலில் உடைத்த அந்தக் காட்சியை நாடே செல்போனில் பார்த்தது. மறுநாளே அரசாங்கம் புதுச் சிலை வைத்தது. சிலை திரும்பி வந்தது. அன்றைக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் முகத்தில் பார்த்ததை எந்த அரசாங்கத்தாலும் எடுத்துவைக்க முடியவில்லை. அந்த ஊரில், பிரேக்கில் கோளாறு உள்ள காரை, ஒரு சேரிக்காரன் ஓட்டுகிறான். நாளைக்குக் குறுக்கே ஒரு குழந்தை வந்து கார் நிற்காமல் போனால் யாரும் டிஸ்க்கைப் பார்க்க மாட்டார்கள். யார் கால் பெடலில் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் மனதில் ஓடியது. இது பழைய தஞ்சாவூர் ஜில்லா. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். நெல் கூலி கூடக் கேட்டதற்கு. கீழ்க்கோர்ட் சில மிராசுதார்களைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்கள் பெரும் நிலக்காரர்கள், முதல் எதிரியிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது. எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

கார் வைத்திருந்தவனுக்கு அந்தக் காரே சாட்சி சொன்னது. அதே காரை ஓட்டுகிறவனுக்கு யார் சாட்சி சொல்வது? எனக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று தோன்றியது. வாயால் சொல்கிற சாட்சி இங்கே செல்லாது. முள் நகர்ந்து எண் காட்டுகிற சாட்சி வேண்டும்.

"சார், ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வண்டியைக் குடுங்க. என்னன்னு நான் பார்த்துச் சொல்றேன். அப்பவும் என் தப்புன்னா மீதிப் பில்லையும் நான் தர்றேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று தெரியவில்லை. அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்தார். கையில் கொடுக்க மாட்டார். எடுத்துக்கொண்டேன்.

அகஸ்தியம்பள்ளி தாண்டிக் கோடியக்கரை போகிற ரோடு நேராக இருக்கும். ரெண்டு பக்கமும் உப்பளம், விடிகாலையில் ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே கொண்டுபோனேன். என் தம்பி மகன் கூட வந்தான். அவனுக்கும் சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கட்டும் என்று வரிசையாகச் செய்தேன்.

முதல் கேள்வி, பிரேக் தொடாமல் போகும்போது உதறுகிறதா? இல்லை. எப்போதும் உதறினால் டயரையோ வீல் பேலன்ஸையோ பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் என்றால் பிரேக்தான்.

ரெண்டாவது, எங்கே உதறுகிறது? ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம். ஸ்டியரிங் சும்மா இருந்து இடுப்புக்குக் கீழே சீட் உதறினால் பின்சக்கரம். எனக்கு ஸ்டியரிங்கும் பெடலும் சேர்ந்தே உதறின.

மூன்றாவது, கை பிரேக். இந்த வண்டியில் கை பிரேக் கேபிள் வழியாகப் பின்சக்கரத்து டிரம்மை மட்டும் பிடிக்கும். காலி ரோட்டில் நாற்பதில் போய், பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே மெதுவாக இழுத்தேன். வெடுக்கென்று இழுத்தால் வண்டி சுற்றிவிடும், கவனம். அப்போது உதறினால் பின் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். உதறவில்லை. ஆக, முன்பக்கம்.

நாலாவது, ஏபிஎஸ். மணலிலோ சரளையிலோ சடாரென்று மிதித்தால் பெடல் கடகடவென்று காலைத் தட்டும். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏற்பாடு, கோளாறு இல்லை. அதைப் பார்த்துப் பயப்படுகிற டிரைவர்கள் உண்டு. ஆனால் என் வண்டி நிதானமாக மிதிக்கும்போதே உதறியது. சக்கரம் ஓடுகிற வேகத்துக்குத் தக்கபடி உதறல் கூடியது, குறைந்தது. அப்படியென்றால் சுற்றுகிற ஏதோ ஒன்றில் மேடு பள்ளம் இருக்கிறது.

பெடல் ஏன் காலை உதைக்கிறது என்று பையன் கேட்டான். டிஸ்க் ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு என்று வைத்துக்கொள். ரெண்டு பேட் இறுக்கிப் பிடித்திருக்கும்போது தடித்த இடம் வந்தால் பேடைத் தள்ளும், பேட் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது. அது குழாய் வழியாக மேலே ஏறி உன் காலில் வந்து முட்டும். கீழே நடக்கிறது மேலே இருக்கிறவனுக்குத் தெரிகிற ஒரே இடம் வண்டியில் இதுதான் என்றேன். பையன் சிரித்தான்.

அங்கிருந்து தோப்புத்துறையில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்கார பாய் எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் திறந்தார். அவர் கிளாஸிலேயே எனக்கும் டீ ஊற்றுவார். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். பேரிங்கில் ஆட்டம் இல்லை. சக்கரத்தைக் கழற்றி, மைக்ரோமீட்டரால் டிஸ்க்கை எட்டு இடத்தில் அளந்தார். இடதுபக்க டிஸ்க்கில் ஒரு பாதிக்கும் மறுபாதிக்கும் 0.03 மில்லிமீட்டர் வித்தியாசம்.

"இவ்ளோதானா?" என்றான் பையன். இவ்வளவே அதிகம். 0.02 இருந்தாலே கால் கண்டுபிடித்துவிடும். தலைமயிர் சுமார் 0.07. முன்னால் கணக்குச் சொன்னேனே, அது இதுதான்.

டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லா ஷெட்டிலும் சொல்வார்கள். சூட்டில் இரும்பு அப்பளம் மாதிரி வளைகிறது என்று நானும் பல வருடம் நம்பியிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையில்லை. தடிமன்தான் ஒரே சீராக இல்லாமல் போகிறது. ஆனால் புது டிஸ்க் ஏன் மூன்று மாதத்தில் இப்படி ஆக வேண்டும்? பாய் காந்த ஸ்டாண்டில் டயல் கேஜை நிறுத்தினார். டிஸ்க்கைக் கையால் சுற்றினோம். முள் போய்ப் போய் வந்தது. 0.15. 0.05 இருக்கலாம், மிஞ்சிப் போனால் 0.10. இது டிஸ்க் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

டிஸ்க்கைக் கழற்றினேன். அடியில் இருந்தது விஷயம். டிஸ்க் உட்காருகிற ஹப் முகம் முழுக்கத் துரு. ஒரு பக்கம் பக்குப் பக்காக ஏறி நின்றது. புது டிஸ்க்கை அந்தத் துரு மேலேயே வைத்து நட்டு முடுக்கியிருக்கிறார்கள். ஏர் கன்னால் தட்டி இறுக்கியது வேறு. சுத்தம் செய்யப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். செய்யவில்லை. கோணலாக உட்கார்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும், பிரேக் மிதிக்காதபோதுகூட, ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டு போகும். உரசி உரசி அந்த இடம் மெலியும். அதற்கு ஆகிற தூரம்தான் அந்த மூவாயிரம் கிலோமீட்டர். டிஸ்க் மாற்றிய அன்றைக்கு வெண்ணெய் மாதிரி நின்றதற்கும் பிறகு உதறியதற்கும் காரணம் இது. என் கால் இல்லை.

துரு எங்கிருந்து வந்தது? 2021 நவம்பர் மழையில் காரை உப்பளக் கொட்டகைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் நிறுத்தியிருந்தார்கள். அரைச் சக்கரத்துக்கு உப்புத் தண்ணீர். "வீட்டுக்குக் கொண்டாந்துரட்டுமா சார்?" என்று அப்போதே கேட்டேன். "கெடக்கட்டும்டா" என்றார். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மழை நின்று வெயில் அடித்தாலும் இரும்பின் மேல் ஈரம் போகாது. கடலோரத்தில் வண்டி வைத்திருக்கிறவர்கள் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும், ரொம்ப நாள் ஓட்டாமல் நிறுத்தக்கூடாது. நின்ற இடத்திலேயே நின்றால் பேட் இருக்கிற அளவுக்கு டிஸ்க்கில் துருத் தடம் விழும்.

எங்கள் ஆட்களின் காலைத் தின்ற அதே உப்பு முதலாளியின் காரையும் தின்றிருக்கிறது. காருக்கு என்றால் புதுசு வாங்கிப் போட்டுவிட்டார்.

கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் போட்டு ஹப்பை இரும்பு தெரிகிறவரை தேய்த்தேன். பாய் டிஸ்க்கை லேத்தில் ஏற்றி ரொம்ப மெலிசாக ஒரு சுற்று எடுத்தார். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் அச்சடித்திருக்கும், அதற்குக் கீழே போகக்கூடாது. போனால் டிஸ்க்கை எறிந்துவிட வேண்டும். இது புதுசு, இடம் இருந்தது. திரும்ப மாட்டி அளந்தோம். 0.03. பேடைத் தேய்த்துச் சுத்தம் செய்து, காலிப்பர் பின்னுக்குக் கிரீஸ் வைத்தேன். சக்கர நட்டை ஏர் கன் இல்லாமல், எதிர் எதிராக, டார்க் ஸ்பானரால் ஒரே அளவில் முடுக்கினேன். வலதுபக்கமும் அப்படியே. ஓட்டிப்பார்த்தோம். எண்பதிலிருந்து மிதித்தேன். கால் சும்மா இருந்தது.

பாய் ஒரு தாளில் அளந்த எண்களை முன்னால், பின்னால் என்று எழுதிக் கொடுத்தார். துருப் பக்கை ஒரு பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை காலை திண்ணைக்கு முன்னால் நின்றேன். தாளையும் துருவையும் வைத்தேன். கார் நிற்கிற விதத்தை அவர் மகனே ஓட்டிப்பார்த்துவிட்டு வந்து, "சரியாயிட்டுப்பா" என்றான். முதலாளி துருவை விரலால் தொட்டுப்பார்த்தார். "சரி சரி, போ" என்றார்.

நான் போகவில்லை. "சார், நாலாயிரத்து ஐந்நூறு" என்றேன்.

வாசலில் ரெண்டு பேர் நின்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். என் அப்பா இந்த வாசலில் கூலியில் குறைந்ததைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்திருப்பார். அவர் கால் அப்படியே திரும்பி வந்திருக்கும். என் கால் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ப் பணம் கொண்டுவந்தார். என் கையில் கொடுக்கவில்லை. கார் பானட் மேல் வைத்தார். நான் எடுத்து, அவர் முன்னாலேயே எண்ணினேன். சரியாக இருந்தது. அடுத்த மாதம் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார். "எதிர்த்துப் பேசுறவனை வச்சு ஓட்ட முடியாது" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் எதிர்த்துப் பேசவில்லை. அளந்து காட்டினேன். அதுதான் கூடுதல் குற்றமாகிவிட்டது.

எங்களைக் காலில் பிறந்தவன் என்றுகூடச் சாத்திரம் சொல்லவில்லை. அந்தக் காலுக்கும் வெளியே வைத்தது. ஆனால் பாத்தியை மிதித்து இறுக்கியது எங்கள் கால், வயலை மிதித்தது எங்கள் கால், அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக நிறுத்தி இறக்கிவிடுகிற பெடலில் இருப்பதும் எங்கள் கால். அந்தக் காலுக்குத் தெரிந்ததை மட்டும் அறிவு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணாடி அறையில் இருக்கிறவன் கோளாறை விட்டுவிட்டுப் பில் போட்டால் அது என்ஜினியரிங்.

இப்போது ஆக்டிங் டிரைவராக ஓட்டுகிறேன், தெருவில் சின்னதாக ரிப்பேரும் பார்க்கிறேன். போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்தான். லைசென்ஸ் எடுத்து முதல் வேலை, வாடகைக் கார். "மாமா, மிதிச்சா பெடல் உதறுது. ஓனர்கிட்ட சொன்னா உனக்கு ஓட்டத் தெரியலைங்கிறாரு" என்றான்.

உட்காரச் சொன்னேன். மேலே எழுதியதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். கடைசியில் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். "அளந்ததைத் தாள்ல எழுதி வாங்கிக்க. தேதி போட்டு வாங்கிக்க."